கேமராவுக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு!

அக்காவின் வளைகாப்பு முடிந்த அன்று, நாலு மணி வெயிலில் எல்லோரையும் கும்பகோணம் மகாமகக் குளத்துப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் நண்பனிடம் கடன் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா. “வெயில்ல எடுக்கும்போது அப்பர்ச்சரை எஃப் 16-ல வெச்சுக்கோ. முன்னாடி அக்கா, பின்னாடி குளம், மண்டபம் எல்லாமே தெளிவா வரும்” என்று அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். அப்படியே வைத்து நாற்பது படங்களுக்கு மேல் எடுத்தேன். அக்காவின் முகத்தில் வெட்கம், கை நிறைய வளையல், பின்னால் நீல வானம். சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், எல்லாப் படத்திலும் வானத்தின் இடது மேல்மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. ஓரம் மங்கலாக, ஈ உட்கார்ந்தது மாதிரி. அக்கா நகர்ந்தாலும் மாமா நகர்ந்தாலும் அது மட்டும் நகரவில்லை. “விடுடீ, கேமராவே திருஷ்டிப் பொட்டு வெச்சிருக்கு” என்று அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், காலையில் மண்டபத்துக்குள் எடுத்த ஒரு படத்தில்கூட அந்தப் புள்ளி இல்லை. அதை அப்போதே கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நான் யோசிக்கவில்லை. லென்ஸைத் துடைத்தேன், புள்ளி போகவில்லை. வேறு லென்ஸ் மாட்டினேன், அப்போதும் போகவில்லை. அப்படியானால் உள்ளேதான் என்று, லென்ஸைக் கழற்றிவிட்டு, யூடியூபில் பார்த்தபடி மெனுவில் போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சென்சாரைப் பார்த்து வாயால் ‘உஃப்’ என்று ஊதினேன்.

அடுத்த படத்தில் இருபது புள்ளிகள்.

பயந்துபோய் காது குடையும் பட்ஸில் சானிடைசரைத் தொட்டுத் தேய்த்தேன். ஆமாம், சானிடைசர். இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

எச்சில், சானிடைசர், ஒரு கீறல்

அந்தக் கேமராதான் என் நண்பனின் சோறு. வாரநாளில் ஒரு வேலை, முகூர்த்த நாள்களில் கல்யாண போட்டோ என்று ஓடுகிறவன் அவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ரிசப்ஷனுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் போனில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், “நீ முதல்லயே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சர்வீஸ் சென்டரில், சென்சார் பகுதியையே மாற்ற வேண்டியிருக்கலாம் என்று சொல்லி ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அது என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பாரிமுனைப் பக்கம் ஒரு மாடியறையில் பல வருடங்களாக கேமரா பழுது பார்க்கும் பெரியவரிடம் போனேன். நண்பன்தான் வழி சொன்னான்.

அவர் கேமராவை வாங்கியதும் முதலில் கேட்டது, “புள்ளி போட்டோல எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“மேலே, இடது பக்கம்.”

“அப்போ இங்க கீழே, இடது பக்கம்” என்று டார்ச் அடித்து நேராக அந்த இடத்தைக் காட்டினார். லென்ஸ் வழியாகச் சென்சாரில் விழும் பிம்பம் தலைகீழானது. அதனால் கேமராவின் வாய்ப்பக்கம் இருந்து நாம் உள்ளே பார்க்கும்போது, படத்தில் மேலே இருக்கும் தூசி கீழே இருக்கும், இடவலம் மாறாது. இது தெரியாமல் நான் முழுச் சென்சாரையும் தேய்த்திருக்கிறேன். அசல் தூசி ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் என் எச்சில்.

“ஏம்மா, தூசி யாரையும் கெடுக்காது. தூசியைத் துடைக்கிறேன்னு வர்ற கைதான் கெடுக்கும். எங்க இருக்குன்னு தெரியாம கை வைக்கக் கூடாது” என்றார். அன்று அந்த மாடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதையும், அதன் பிறகு நானே தேடிப் படித்ததையும்தான் இந்த வாரம் எழுதுகிறேன். உங்கள் கையில் இருப்பது போனாக இருந்தாலும் முக்கால்வாசி விஷயம் பொருந்தும்.

கொசுவலையும் மெழுகுவத்தியும்

ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கிறீர்களா? நாலடி தள்ளி நின்று பார்த்தால் வலையின் கட்டங்கள் தெரியும். கண்ணை வலையோடு ஒட்டி வைத்து, வெளியே இருக்கும் வேப்பமரத்தைப் பாருங்கள். வலை காணாமல் போய்விடும், மரம் மட்டும் தெரியும். லென்ஸின் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கும் தூசியும் அப்படித்தான். கேமரா தூரத்தில் இருக்கும் பொருளை ஃபோகஸ் செய்யும்போது, மூக்குக்கு முன்னால் இருக்கும் தூசி படத்தில் தெரியவே தெரியாது. நிறையச் சேர்ந்தால் மொத்தப் படமும் கொஞ்சம் வெளுத்த மாதிரி ஆகும், அதுவும் வெளிச்சத்தை நோக்கி எடுக்கும்போதுதான். லென்ஸுக்குள் நாலைந்து தூசி இருப்பதும் சாதாரணம். ஜூம் லென்ஸை நீட்டி மடக்கும்போதெல்லாம் அது காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது. தூசியும் கூடவே போகும். புது லென்ஸிலேயே ஒன்றிரண்டு தூசி இருப்பதுண்டு.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து, “ஐயோ, உள்ளே தூசி!” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். படத்துக்கு அதனால் எதுவும் ஆகாது. அதே டார்ச் வெளிச்சத்தில் சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாக ஏதாவது தெரிந்தால் மட்டும் ஓடி வந்துவிடுங்கள். அது பூஞ்சை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லென்ஸின் பின்பக்கத்துக்கு வரவர விஷயம் மாறும். சென்சாருக்கு அருகே போகப்போக, தூசியின் நிழல் படத்தில் விழ ஆரம்பிக்கும். சென்சார் மேலேயே உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஒரு பிக்ஸலின் அகலம் சுமார் 6 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஒரு முடித்துணுக்கு விழுந்தாலே எத்தனை பிக்ஸல்களை மறைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் ஏன் புள்ளி இல்லை? அங்கே வெளிச்சம் குறைவு என்பதால் அப்பர்ச்சரை எஃப் 2.8-ல் வைத்திருந்தேன். லென்ஸின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் சுவருக்கு முன்னால் விரலை நீட்டினால் நிழல் பரவலாக, மங்கலாக விழும். கரண்ட் போன நேரத்தில் ஒற்றை மெழுகுவத்தி முன்னால் விரலை மடக்கி மானும் நாயும் காட்டுவோமே, அந்த நிழல் ஓரம் கூராக, கறுப்பாக விழும். அகலமாகத் திறந்த லென்ஸ் டியூப்லைட். எஃப் 16, எஃப் 22 என்று குறுக்கிய லென்ஸ் மெழுகுவத்தி. தூசி காலையிலும் அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது, நிழல் மட்டும் மாலையில் விழுந்தது.

இதுவே தூசியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும்கூட. அப்பர்ச்சரை எஃப் 16 அல்லது எஃப் 22-ல் வைத்து, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ, வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் படமெடுங்கள். எடுக்கும்போது கை ஆடினாலும் பரவாயில்லை, சுவரின் அழுக்கு கலைந்துபோகும், சென்சார் தூசி கலையாது. கறுப்பாக, ஓரம் மங்கலாக இருந்தால் தூசி. ஊசிமுனை மாதிரி கூராக, சிவப்பாகவோ வெள்ளையாகவோ பளிச்சென்று இருந்தால் அது தூசியே இல்லை, பழுதான பிக்ஸல். அதை எவ்வளவு துடைத்தாலும் போகாது.

போனுக்கு என்ன செய்வது?

போன் கேமராவில் லென்ஸும் சென்சாரும் ஒரே கூட்டுக்குள் மூடப்பட்டிருக்கும். சென்சார் வரை தூசி போவது அபூர்வம். பெரும்பாலான போன்களில் ‘கேமரா சரியில்ல’ என்பதற்குக் காரணம் தூசிகூட இல்லை, நம் விரல் பிசுக்கு. இரவில் தெருவிளக்கை எடுத்தால் விளக்கிலிருந்து நீளமாக ஒளிக்கோடு ஓடுகிறதா? லென்ஸ் மேல் எண்ணெய்ப்பசை இழுபட்டிருக்கிறது. விரலை மேலிருந்து கீழாக இழுத்திருந்தால் கோடு இடவலமாக ஓடும், இடவலமாக இழுத்திருந்தால் மேலும் கீழுமாக ஓடும். எங்கள் அப்பா போனில் எடுக்கும் எல்லாப் படத்திலும் சாமி விளக்குக்கு இறக்கை முளைத்திருக்கும். அவர் அது புது போனின் ‘எஃபெக்ட்’ என்று நினைத்துக்கொண்டிருந்தார்!

துடைக்க வேண்டியது மூக்குக்கண்ணாடிக் கடையில் தரும் மைக்ரோ ஃபைபர் துணியால். அம்மாவின் முந்தானை, சட்டை நுனி, வேட்டி, கைக்குட்டை எதுவும் வேண்டாம். துணி மிருதுவாகத்தான் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் மணல் துகள் அப்படி இல்லை. துடைப்பதற்கு முன் போனைக் கவிழ்த்து லேசாகத் தட்டி, துகள் இருந்தால் முதலில் விழவிடுங்கள். மைக்ரோ ஃபைபர் துணியை அடிக்கடி துவையுங்கள். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் மட்டும் வேண்டாம், அதன் பசை துணியில் தங்கி லென்ஸுக்கு வந்துவிடும்.

ஆண்கள் சட்டைப் பையில் கோயில் விபூதிப் பொட்டலமும் போனும் ஒரே குடும்பமாக இருக்கும். பெண்களின் ஹேண்ட்பேகில் காம்பாக்ட் பவுடர். இரண்டும் மிக நுண்ணிய தூள். கேமராவைச் சுற்றியிருக்கும் வளையத்தில் போய் அடைந்துகொண்டால் துணிக்கு எட்டாது. மென்மையான, புதிய, காய்ந்த பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். போன் கேமரா மேல் ஒட்டும் தனிக் கண்ணாடி பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒட்டும்போது ஒரு தூசி மாட்டினால் அது நிரந்தரக் குடித்தனம். இரவில் விளக்கு வெளிச்சம் இரண்டாகத் தெரிவதற்கும் அந்தக் கண்ணாடி ஒரு காரணம். எனக்கு அது தேவையில்லை என்றே தோன்றுகிறது.

துடைத்த பிறகும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால்? அகல லென்ஸ், சாதாரண லென்ஸ், ஜூம் லென்ஸ், செல்ஃபி கேமரா என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வானத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் அந்த லென்ஸின் கண்ணாடிக்கு உள்பக்கம் தூசி போயிருக்கிறது. பெரும்பாலும் போன் கீழே விழுந்து கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கும், அல்லது பின்பக்கத்தை எங்கோ அவசரமாகக் கழற்றி மாட்டியிருப்பார்கள். ஐ.பி. 68 என்று பெட்டியில் போட்டிருப்பார்கள் இல்லையா, அதில் 6 என்பதுதான் தூசிக்கான எண். உள்ளே தூசி புகாது என்று அர்த்தம். அடுத்து வரும் 8 தண்ணீருக்கு. போனைத் திறந்த நிமிடமே அந்த ஒட்டுப்பசை உடைந்துவிடும். சரியாகத் திரும்ப ஒட்டாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வாரன்ட்டி இருந்தால் நிறுவன சர்வீஸுக்கே போங்கள்.

நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கும் பழக்கமும் இங்கே வருகிறது. அரிசியில் இருக்கும் தவிட்டுத் தூளும் மாவும் துளை வழியே உள்ளே போகும். ஆப்பிள் நிறுவனமே 2024-ல், ஐபோனை அரிசிப் பையில் வைக்காதீர்கள், சிறு துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்று எழுதியது. அரிசி சாதத்துக்கு.

இன்னொன்று. இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வட்ட வட்டமாக வெள்ளை ஒளி மிதப்பதை ‘ஆவி’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சில நேரம் ‘தெய்வ சக்தி’ என்றும் வரும். போனில் ஃபிளாஷும் லென்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. லென்ஸுக்கு ஒட்டினாற்போல் காற்றில் மிதக்கும் தூசியோ மழைத்துளியோ ஃபிளாஷ் பட்டு மின்னினால், ஃபோகஸ் இல்லாத அந்தப் புள்ளி வட்டமாக விரிந்து தெரியும். நம்பாதவர்கள் பாயை உதறிவிட்டு, விளக்கை அணைத்து ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள். வீடு முழுக்க ஆவி!

உள்ளே கை வைப்பதற்கு முன்

லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா இருக்கிறவர்களுக்கு இது. சென்சார் என்று நாம் சொல்வதை நாம் தொடுவதே இல்லை. அதன் முன்னால் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. தூசி உட்காருவதும் அதன் மேல்தான், என் பட்ஸ் கீறியதும் அதைத்தான்.

தூசியைக் கேமராவே உதறிவிட வேண்டும் என்ற யோசனையை டி.எஸ்.எல்.ஆரில் முதலில் கொண்டுவந்தது ஒலிம்பஸ். 2003-ல் வந்த அதன் இ-1 கேமராவில், சென்சாருக்கு முன்னால் இருந்த கண்ணாடி, காதுக்குக் கேட்காத வேகத்தில், விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்து தூசியை உதறியது. கேனான் 2006-ல் 400டி-யில் இதைக் கொண்டுவந்தது. இப்போது பல கேமராக்களில் இருக்கிறது. ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் ‘சென்சார் கிளீனிங்’ என்று காட்டுவது இதுதான். காய்ந்த தூசிக்கு இது போதும். எண்ணெய், எச்சில், மகரந்தம் மாதிரி ஒட்டிக்கொண்டதற்கு உதவாது.

எண்ணெய் என்றதும் நிகான் டி600 நினைவுக்கு வருகிறது. 2012-ல் அது வெளிவந்த கொஞ்ச நாளிலேயே, படத்தின் ஓரங்களில் புள்ளிகள் சேர்கின்றன, துடைத்தாலும் திரும்ப வருகின்றன என்று பலரும் புகார் சொன்னார்கள். 2013 பிப்ரவரியில் நிறுவனம் கவனிக்கிறோம் என்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஷட்டரை மாற்றி டி610 என்று புது மாடல் வந்தது. 2014-ல், வாரன்ட்டி முடிந்த டி600-க்கும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். தூசி எப்போதும் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. திரும்பத் திரும்ப அதே ஓரத்தில் வந்தால், உங்கள் கைமேல் பழியைப் போட்டுக்கொள்ளாமல் சர்வீஸில் கேளுங்கள்.

அதிர்வில் போகாவிட்டால் அடுத்தது பிளோயர். ராக்கெட் மாதிரி இருக்கும் ரப்பர் பந்து, கேமரா கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புதிதாக வாங்கியதும் வெளியே நாலைந்து முறை அழுத்தி, ரப்பருக்குள் இருக்கும் தூளை வெளியேற்றுங்கள். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். பாதியில் கரண்ட் தீர்ந்தால், தூக்கி வைத்த கண்ணாடியும் ஷட்டரும் கீழே விழும். கேமராவின் வாயைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள், தூசி விழ வழி வேண்டும் அல்லவா? கீழிருந்து மேலே ஊதுங்கள், முனை உள்ளே நுழையக் கூடாது. கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடிக்கும் காற்று ஸ்ப்ரே கேன் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் சாய்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் உறைகுளிராகப் பீய்ச்சி, கண்ணாடியில் கறையாகப் படியும். வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பிளோயருக்கும் அசையாத கறைக்குத்தான் ஈரத் துடைப்பு. பெரியவர் என் கண்முன்னே செய்தார். ஸ்வாப் என்ற தட்டையான துடைப்பான் சென்சாரின் அகலத்துக்கே இருக்க வேண்டும். ஏ.பி.எஸ்.-சி சென்சாருக்கு 16 மில்லிமீட்டர், ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மில்லிமீட்டர். அதற்கென்றே விற்கும் திரவம் இரண்டு சொட்டு. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் இன்னொரு இழுப்பு, ஸ்வாப் குப்பைக்கு. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “இதுக்கா நீ பட்ஸ் போட்டுக் குடைஞ்ச?” என்றார். கை பழகாதவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் வாசலிலேயே இருக்கும். அதிர்வைத் தாங்க சென்சாரே மிதக்கும் மாடல்களில், அழுத்தினால் அதன் அமைப்பே கெடலாம்.

உண்மையில் தூசி நுழைவதே லென்ஸ் மாற்றும் அந்தப் பத்து விநாடியில்தான். கேமராவை ஆஃப் செய்யுங்கள், வாயைக் கீழே பார்க்கப் பிடியுங்கள், அடுத்த லென்ஸின் பின்மூடியை முதலிலேயே தளர்த்தித் தயாராக வையுங்கள். மெரினாவில் காற்றடிக்கும்போது மாற்றவே கூடாது, முடிந்தால் வண்டிக்குள் போய் மாற்றுங்கள். கல்யாணத்தில் ஹோமப் புகை கிளம்பும் நேரமும் அப்படித்தான். அந்தப் புகையில் நெய்யும் இருக்கிறது. பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். லென்ஸின் பின்மூடிதான் பல பேருக்குத் தூசிக் கிடங்கு. பையில் கிடந்து குப்பை சேர்த்துக்கொண்டு லென்ஸுக்கு வரும், லென்ஸிலிருந்து சென்சாருக்குப் போகும். லென்ஸைப் பளபளவென்று வைத்திருப்பவர்கள்கூட மூடியைத் துடைப்பதில்லை.

செவ்வாய்க் கிரகத்தில்கூட இதே பிரச்னைதான். 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி அங்கே இறங்கியபோது கிளம்பிய புழுதி, அதன் கையில் இருந்த கேமராவின் கண்ணாடி மூடியில் படிந்தது. முதல் படங்கள் மூடி வழியாக மங்கலாக வந்தன. செப்டம்பரில் மூடியைத் திறந்த பிறகுதான் தெளிவு. அங்கே போய்த் துடைக்க ஆளில்லை, அதனால் மூடியை முன்யோசனையாகவே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நாம் ஐம்பது ரூபாய் மூடியைத் தொலைத்துவிட்டு அலைகிறோம்.

நம் ஊரின் நிஜமான எதிரி

பூஞ்சையைப் பிறகு சொல்கிறேன் என்றேன். தூசி படத்தைத்தான் கெடுக்கும், பூஞ்சை லென்ஸையே தின்னும். அதன் விதைத்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கிறது. லென்ஸுக்குள் போய், இருட்டும் வெப்பமும் 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் கிடைத்தால் வளர ஆரம்பிக்கும். வளரும்போது அது விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும். சுத்தம் செய்தாலும் வடு போகாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வருடத்தில் பெரும்பாலான நாள் காற்றின் ஈரம் இந்த அளவைத் தாண்டியே இருக்கும். தோல் பையில் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால், பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

பணம் இருப்பவர்கள் டிரை கேபினட் வாங்கலாம், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் போதும். மற்றவர்களுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறும், சூடுபடுத்தி உலர்த்தினால் பழைய நிறத்துக்கு வரும், மறுபடி பயன்படுத்தலாம். சமைக்கும் பாத்திரத்தில் மட்டும் வறுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட மலிவான வழி, கேமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

ஏ.சி. மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படரும். பதறித் துடைத்தால், அந்த ஈரத்தில் தூசி சேறாகிக் கீறும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் விட்டால் தானே போய்விடும். போனுக்கும் இதே கதைதான்.

சரி, அக்காவின் படங்கள்? அவற்றை ஸ்னாப்சீடில் திறந்து, ‘ஹீலிங்’ கருவியால் புள்ளி மேல் ஒரு தொடு தொட்டேன். வானம் மாதிரி வெற்று இடத்தில் தூசியை அழிப்பதைவிடச் சுலபமான வேலை கிடையாது. ஒரு படத்துக்கு அரை நிமிடம் ஆனது. இதை முதலிலேயே செய்திருந்தால் கேமராவைத் திறந்திருக்கவே வேண்டாம். நாற்பத்து மூன்று படங்களில் ஒன்றை மட்டும் அப்படியே விடச் சொன்னாள் அக்கா. அத்தை சிரித்துக்கொண்டிருக்கும் படம் அது.

பெரியவர் சானிடைசர் கறையை எடுத்துவிட்டார். கீறல் இருக்கிறது. சர்வீஸ் சென்டர் சொன்ன தொகைக்கு இப்போது போக வேண்டாம், எஃப் 8 வரைக்கும் தெரியாது என்றார். நண்பன் அந்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கேமராவில் ரிசப்ஷனை எடுத்தான், வாடகை நான் கொடுத்தேன். பகல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அவன் இப்போதும் எஃப் 8-ஐத் தாண்டுவதில்லை. வரும் முகூர்த்தத்துக்கு உதவிக்கு வரச் சொல்லியிருக்கிறான். லைட் பிடிக்கலாம், பை தூக்கலாம், லென்ஸ் மட்டும் அவனே மாற்றிக்கொள்வானாம்.